நீதியரசர் தெரிவும் நடுநிலைமையும்

அரசியல்வாதி கட்சிக்காரன்; பத்திரிகாசிரியன் முதலாளியின் ஆள்; ஆனால் நீதிபதியோ துலாக்கோலின் நாவினைப் போன்றவர். இவ்வாறு கருதுவோர் முற்போக்காளர் மத்தியிலும் உளர். இந்நம்பிக்கையை வெறும் பாமரத்தனம் என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. அதிகாரத்தின் முன்னே தனித்து நிற்கும் எளியவனுக்கு எஞ்சியிருக்கும் ஒருசில பற்றுக்கோடுகளுள் நீதிமன்றமும் ஒன்றாகும். அதனாலேயே, இந்நம்பிக்கையை எவர், எவ்வாறு, எந்நோக்குடன் பயன்படுத்துகின்றனர் என்பதை ஆராய்தல் இன்றியமையாததாகின்றது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் உயர் நீதிமன்றம் இவ்வாராய்ச்சிக்குப் பொருத்தமான களமாகும். ஏனெனில், நீதிபதிகளின் நடுநிலைமை பற்றி அங்கு பேசப்படுமளவுக்கு வேறெங்கும் பேசப்படுவதில்லை. நீதிபதிகளைத் தெரிவு செய்வதில் அங்குள்ளது போன்ற வெளிப்படையான கட்சிப் போராட்டமும் வேறெங்கும் காண்பதரிது.

இலக்கிய ஏடொன்றில் இதற்கு இடமுண்டோ என வினவலாம். உண்டு என்பதே எமது விடை. அந்நாட்டுப் பழமைவாதிகள் கடந்த நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமது நிலைப்பாட்டினை ஓர் அரசியற் கொள்கையாக முன்வைக்கவில்லை. ஒரு வாசிப்பு முறையாகவே முன்வைத்து வந்துள்ளனர். ‘எமது நீதிபதிகள் தமது விருப்பத்தைத் திணிப்பவரல்லர், பனுவலில் உள்ளதை உள்ளவாறு படிப்பவர்கள்’ என்பதே அவர்களது வாதம். பனுவலைப் படிப்பது பற்றிய வாதமாயின், அதனை மதிப்பிடும் உரிமை இலக்கிய மாணவனுக்கும் உண்டன்றோ?

முதலில் நியமன முறையைச் சுருக்கமாக நோக்குவோம். அமெரிக்க அரசியல் யாப்பின்படி உயர் நீதிமன்ற நீதியரசரை ஜனாதிபதி பெயர் குறித்து முன்மொழிவார். செனற் சபை சம்மதமளிக்க வேண்டும். நன்னடத்தை உள்ளவரை பதவி நிலைக்கும். அதாவது, நடைமுறையில் அது ஆயுட்காலப் பதவி. 1869ஆம் ஆண்டு முதல் நீதியரசர் தொகை ஒன்பது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை யாப்புக்கு முரணானதென்று ஒதுக்கும் அதிகாரமும் இவ்வொன்பதின்மருக்கு உண்டு. ஐவர் ஒருமித்தால் கோடிக்கணக்கான மக்களின் வாழ்வை மாற்றியமைத்துவிடலாம். எனவே, ஒரு வெற்றிடம் ஏற்படுதல் ஒரு தேர்தலுக்கு நிகரான நிகழ்ச்சியாகின்றது. தேர்தலில் தோற்றவன் நான்காண்டுகளின் பின் மீண்டும் போட்டியிடலாம். நீதியரசர் தெரிவிலே தோற்றவனோ முப்பதாண்டுகள் காத்திருக்க நேரிடும்.

2005ஆம் ஆண்டில் பிரதம நீதியரசர் பதவிக்கு முன்மொழியப்பட்ட ஜோன் றொபேட்ஸ், செனற் குழுவின் முன்னர் ஓர் உவமையைக் கையாண்டார். நீதிபதி விளையாட்டு நடுவரைப் போன்றவர். விதிகளை அவர் ஆக்குவதில்லை, பிரயோகிக்க மட்டுமே செய்கிறார் என்பது அதன் சாரம். உவமை எளிமையானது; கேட்டோர் மனத்தில் உடனே பதிந்தது. ஆயினும் உவமையின் வலிமை அது காட்டுவதில் மட்டுமன்றி, மறைப்பதிலும் தங்கியுள்ளது. ஆடுகளத்தில் நடுவரை ஆடும் அணிகளில் ஒன்று நியமிப்பதில்லை. நியமிக்குமுன் அவருடைய பழைய தீர்ப்புகளையெல்லாம் துருவிப் பார்த்து, ‘இவர் நம் பக்கம் சாய்வாரா’ என்று ஆராய்வதுமில்லை. அமெரிக்காவில் நடப்பதோ அதுவே.

வாசிப்பு முறைக்கு வருவோம். மூலப்பொருள் வாதம் என்று நாம் அழைக்கக்கூடிய இக்கொள்கையின் தலைசிறந்த பிரசாரகராக விளங்கியவர், 1986 முதல் 2016இல் இறக்கும்வரை நீதியரசராயிருந்த அன்ரனின் ஸ்காலியா. யாப்பின் சொற்கள் ஏற்றுக்கொள்ளப்பட்ட காலத்தில் மக்கள் அவற்றுக்கு எப்பொருளைக் கொண்டனரோ, அப்பொருளே இன்றும் கொள்ளப்படல் வேண்டும். காலத்துக்கேற்ப யாப்பு மாறவேண்டுமாயின் மக்களே அதனைத் திருத்தட்டும், நீதிபதி திருத்தலாகாது என்பதே இக்கொள்கை. இதனை எள்ளி நகையாடுதல் எமது நோக்கமன்று. தேர்ந்தெடுக்கப்படாத ஒன்பதின்மர் தமது மனம்போனவாறு சட்டத்துக்குப் பொருள் சொல்லலாகாது என்பது நியாயமான கோரிக்கையே. பழைய நூலொன்றுக்கு உரை வகுப்போன், அந்நூல் எழுந்த காலத்துச் சொல்வழக்கை அறிந்திருத்தல் வேண்டும் என நாமும் கூறுவோம். ஆனால் உரைகாரன் எத்துணை நேர்மையாளன் என்பதை அறிவதற்கு ஒரு வழியுண்டு. தனக்கு உவப்பற்ற பொருள் மூலத்திலே வெளிப்படும்பொழுதும் அதனை மறையாது உரைக்கிறானா என்று பார்த்தல் வேண்டும்.

இவ்வாதம் புதியதன்று என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும். 1857ஆம் ஆண்டில் டிறெட் ஸ்கொற் வழக்கிலே, ஆபிரிக்க வழிவந்த கறுப்பர் எவரும் அமெரிக்கக் குடிமகனாக முடியாதென்று பிரதம நீதியரசர் றோஜர் ரோனி தீர்ப்பளித்தார். அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்த தோட்டக்காரர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். அத்தீர்ப்பிலே அவர் தமது சொந்த விருப்பத்தைப் பேசுவதாகக் கூறவில்லை. யாப்பை ஆக்கியோர் அன்று கொண்டிருந்த கருத்தையே தாம் எடுத்துரைப்பதாகக் கூறினார். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய பெஞ்சமின் கேர்ட்டிஸ் அதே வரலாற்றைக் கொண்டே அவரை மறுத்தார்: யாப்பு ஏற்கப்படுவதற்கு முன்னரே ஐந்து மாநிலங்களில் சுதந்திரக் கறுப்பர் குடிமக்களாகவும் வாக்குரிமை உடையோராகவும் இருந்தனர், யாப்பை ஏற்ற ‘மக்களுள்’ அவர்களும் அடங்குவர். கடந்தகாலம் ஒரே குரலிற் பேசுவதில்லை. எக்குரலைக் கேட்பது என்பதை வாசிப்பவனே தீர்மானிக்கிறான். அவன் எவ்வர்க்கத்திலிருந்து வந்தான், எவரால் அங்கு அமர்த்தப்பட்டான் என்பன அத்தீர்மானத்தைப் பாதியாமல் இருப்பதில்லை.

இன்னோர் உண்மையும் உண்டு. இந்நீதிமன்றம் தன் வரலாற்றின் பெரும்பகுதியில் உடைமை வர்க்கத்தின் அரணாகவே விளங்கியது. பேக்கரித் தொழிலாளர் நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலத்துக்கும் வாரத்துக்கு அறுபது மணித்தியாலத்துக்கும் மேல் வேலைவாங்கப்படலாகாதென்று நியூயோர்க் மாநிலம் சட்டமியற்றியது. 1905ஆம் ஆண்டிலே லொக்னர் வழக்கில் ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக நின்று, ‘ஒப்பந்த சுதந்திரத்தை’ அச்சட்டம் மீறுகின்றதெனத் தள்ளிவிட்டனர். ‘ஒப்பந்த சுதந்திரம்’ என்னும் தொடர் யாப்பில் எங்கும் இல்லை. நீதியரசர் ஒலிவர் வென்டல் ஹோம்ஸ் தமது மாறுபட்ட தீர்ப்பிலே, ஹேபேட் ஸ்பென்சரின் சமூகக் கோட்பாட்டை யாப்பு சட்டமாக்கவில்லை என்று இடித்துரைத்தார். 1918ஆம் ஆண்டில், சிறுவர் உழைப்பைக் கட்டுப்படுத்திய கூட்டாட்சிச் சட்டமும் இவ்வாறே ஐவரால் வீழ்த்தப்பட்டது. அந்நாளிலே, நீதிபதிகள் மக்கள் மன்றத்துக்கு அடங்கி நடக்கவேண்டும் என்று குரலெழுப்பியோர் முற்போக்காளரே. இன்று பழமைவாதிகள் ஏந்தும் ஆயுதம் ஒருகாலத்தில் எமது ஆயுதமாயிருந்தது.

1953ஆம் ஆண்டில் நிலைமை மாறத் தொடங்கியது. அவ்வாண்டு குடியரசுக் கட்சி ஜனாதிபதி ஐசன்ஹோவர், தம் கட்சியைச் சேர்ந்த ஏர்ல் வொறனைப் பிரதம நீதியரசராக்கினார். அடுத்த ஆண்டே வொறன் தலைமையில் ஒன்பதின்மரும் ஒருமித்து, அரசாங்கப் பாடசாலைகளில் நிறப் பிரிவினை யாப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தனர். கட்சி நியமித்தவர் கட்சியை மீறிச் சென்றமை அப்போது சாத்தியமாயிருந்தது. இதனை மீண்டும் நிகழாது தடுப்பதே அடுத்த அரை நூற்றாண்டில் பழமைவாத இயக்கத்தின் தலையாய வேலையாயிற்று.

அவ்வேலை எவ்வாறு நடந்தேறியது? 1971ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் லூயிஸ் பவல் என்னும் வழக்கறிஞர் அமெரிக்க வர்த்தக சம்மேளனத்துக்கு ஓர் இரகசிய அறிக்கை எழுதினார். பல்கலைக்கழகங்களிலும் பத்திரிகைகளிலும் மட்டுமன்றி, நீதிமன்றங்களிலும் வணிக வர்க்கம் தன் செல்வாக்கினைக் கட்டியெழுப்ப வேண்டும் என்று அதில் வற்புறுத்தினார். ஈரிரு மாதங்களுள் ஜனாதிபதி நிக்சன் அவரையே உயர் நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தார். 1982ஆம் ஆண்டில் சட்ட மாணவர் சிலர் பெடரலிஸ்ட் சங்கத்தைத் தோற்றுவித்தனர். முதலில் விவாத அரங்காகத் தொடங்கிய இச்சங்கம், நாளடைவில் நீதிபதிப் பதவிக்கான ஏணியாயிற்று. 1987ஆம் ஆண்டில் றீகன் முன்மொழிந்த றோபேட் போர்க்கை, 42க்கு 58 என்ற வாக்குகளால் செனற் நிராகரித்தது. தமது கருத்துகளை ஒளிவுமறைவின்றி எழுதியிருந்தமையே அவருக்குத் தடையாயிற்று. ஆதலால், கருத்துகளை வெளியிடாதவரைத் தேடினர். 1990ஆம் ஆண்டில் மூத்த புஷ் நியமித்த டேவிட் சூட்டர் அத்தகையவர். அவரோ நாளடைவில் தாராண்மைவாதிகளுடன் இணைந்து தீர்ப்பளிக்கலானார். ‘இனியொரு சூட்டர் வேண்டாம்’ என்பது பழமைவாதிகளின் சுலோகமாயிற்று. 2005ஆம் ஆண்டில் இளைய புஷ் தமது நெருங்கிய சட்ட ஆலோசகரான ஹரியற் மையேர்ஸை முன்மொழிந்தபொழுது, அவருக்குப் போதிய தகைமையில்லை என்று மட்டுமன்றி, அவர் நம்பத்தக்கவர் என்பதற்குச் சான்றில்லை என்றும் ஜனாதிபதியின் சொந்த அணியினரே கிளர்ந்தெழுந்தனர். அவர் விலகினார், சாமுவெல் அலிற்றோ வந்தார். 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் டொனால்ட் ட்ரம்ப், வெற்றி பெற்றாற் தாம் தெரிவு செய்யக்கூடியவர்களின் பெயர்ப்பட்டியலையே வெளியிட்டார். தாம் நியமிக்கும் நீதியரசர்களால் கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பு தானாகவே கவிழும் என்று அவ்வாண்டு ஒக்டோபரில் தொலைக்காட்சி விவாதத்திற் கூறினார். 2022ஆம் ஆண்டு ஜூன் 24ஆந் திகதி அது கவிழ்ந்தது. கவிழ்த்த ஐவருள் மூவர் அவர் நியமித்தவர்கள்.

இங்கேதான் நாம் அடிப்படையான வினாவை எழுப்பல் வேண்டும். மூலப்பொருள் வாதம் உண்மையிலே ஒரு நடுநிலையான வாசிப்பு முறையாயின், நேர்மையும் கல்வியுமுடைய எவர் அதனைக் கையாண்டாலும் ஏறக்குறைய ஒரே முடிவு கிட்டவேண்டும். அவ்வாறாயின், ஆளைத் தெரிவதில் இத்தனை கவலை ஏன்? சல்லடைமேற் சல்லடையிட்டுச் சலிப்பது ஏன்? முறையின் மீது நம்பிக்கை உடையவன் ஆளைப் பற்றி அஞ்சான். ஆளைப் பற்றி அஞ்சுவோன் முடிவையே நாடுகிறான்.

தெரிவு செய்யப்படும் விதத்திலும் விதிகள் எத்தன்மையன என்பதைப் பார்ப்போம். 2016 பெப்ருவரி 13இல் ஸ்காலியா இறந்தார். மார்ச் 16இல் ஜனாதிபதி ஒபாமா, மெரிக் காலண்டை முன்மொழிந்தார். தேர்தலுக்கு ஏறத்தாழ எட்டு மாதங்கள் இருந்தன. செனற் பெரும்பான்மைத் தலைவர் மிற்ச் மக்கொனல், தேர்தல் ஆண்டில் மக்களே தீர்மானிக்கட்டும் எனக்கூறி, விசாரணைக்கே இடமளிக்கவில்லை. 2020 செப்ரெம்பர் 18இல் நீதியரசர் றூத் பேடர் கின்ஸ்பேர்க் இறந்தார். தேர்தலுக்கு இருந்தவை 46 நாட்கள். அதே மக்கொனலின் தலைமையில் அதே செனற், ஒக்டோபர் 26இல், தேர்தலுக்கு எட்டு நாட்களுக்கு முன்னர், ஏமி கோனி பரற்றை 52க்கு 48 என்ற வாக்குகளால் அமர்த்தியது. முன்னையபோது ஜனாதிபதியும் செனற்றும் வெவ்வேறு கட்சி, பின்னையபோது ஒரே கட்சி என்று காரணம் கற்பிக்கப்பட்டது. இதனைச் சற்று விரித்துரைத்தால், ‘எம்மிடம் வாக்குகள் இருந்தன’ என்பதே பொருள். அதிகாரம் அவ்வாறு பேசுவது வியப்பன்று. அவ்வாறு அமர்ந்த நீதிமன்றம் தன்னை அதிகாரத்துக்கு அப்பாற்பட்டதெனக் கூறிக்கொள்வதே வியப்பு.

இனித் தீர்ப்புகளை நோக்குவோம். 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம், கறுப்பின மக்கள் இரத்தம் சிந்திப் பெற்றது. நிற ஒதுக்கலில் ஊறிய மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்றுவதற்கு முன்னனுமதி பெறவேண்டும் என்பது அதன் உயிர்நாடி. 2006ஆம் ஆண்டில் செனற் 98க்கு 0 என்ற வாக்குகளால் அதனைப் புதுப்பித்தது. வாக்குரிமையைக் காக்கச் சட்டமியற்றும் அதிகாரத்தை யாப்பின் பதினைந்தாந் திருத்தம் நாடாளுமன்றத்துக்கு வெளிப்படையாகவே அளிக்கின்றது. அவ்வாறிருந்தும் 2013ஆம் ஆண்டில் ஷெல்பி வழக்கிலே ஐவர் அவ்வுயிர்நாடியைத் துண்டித்தனர். அவர்கள் ஆதாரமாகக் கொண்ட ‘மாநிலங்களின் சமமான இறைமை’ என்னும் தொடரை யாப்பின் வாசகத்திற் காணமுடியாது. தீர்ப்பு வெளியான அன்றே, நிறுத்தி வைக்கப்பட்டிருந்த வாக்காளர் அடையாள அட்டைச் சட்டத்தை நடைமுறைப்படுத்தப் போவதாக ரெக்சாஸ் மாநிலம் அறிவித்தது.

ஆசிரியர்களாகிய எமது வாசகருக்கு மிக நெருக்கமான உதாரணம் ஒன்றுண்டு. 1977ஆம் ஆண்டில் டெற்ரோயிற் நகர ஆசிரியர் தொடர்பான வழக்கொன்றிலே, தொழிற்சங்கம் பெற்றுத்தரும் பயனை நுகரும் ஊழியர், அங்கத்தவரல்லாதபோதும், பேரம்பேசும் செலவில் தம் பங்கைச் செலுத்தவேண்டும் என்ற ஏற்பாட்டை நீதிமன்றம் அனுமதித்தது. 41 ஆண்டுகளின் பின், 2018இல் ஜேனஸ் வழக்கிலே ஐவர் அதனைக் கவிழ்த்தனர். பேச்சுச் சுதந்திரத்தின் பெயராலேயே அது செய்யப்பட்டது. மறுபுறம், தேர்தற் தொகுதி எல்லைகளைக் கட்சி நலனுக்காக வளைத்து வரைவது பற்றிய முறைப்பாடு 2019ஆம் ஆண்டில் வந்தபொழுது, இஃது அரசியல் விடயம், நீதிமன்றம் தலையிடாது என்று ஐவர் கூறினர். வாக்குரிமைச் சட்டத்தில் தலையிட்ட கை, வாக்கின் பெறுமதி களவாடப்படும்பொழுது கட்டப்பட்டதாகிவிட்டது. இனி, 2024ஆம் ஆண்டு ஜூலை முதலாந் திகதி, ஜனாதிபதியின் உத்தியோகபூர்வச் செயல்களுக்குக் குற்றவியல் வழக்கிலிருந்து பரந்த விலக்களித்து அறுவர் தீர்ப்பளித்தனர். அத்தகைய விலக்கு யாப்பில் எழுதப்படவில்லை. பதவி நீக்கப்பட்டவன் பின்னர் குற்றவியல் வழக்குக்கும் ஆளாவான் என்றே யாப்பு பேசுகின்றது. சொல்லுக்குச் சொல் மூலத்தைப் பேணுவதாகக் கூறியோர், அரசனை ஒத்த பாதுகாப்பினை மூலத்தின் வெற்றிடத்திலிருந்து தோற்றுவித்தனர்.

இவ்வளவும் கூறியபின், மறுபக்கத்தை மூடிமறைத்தல் எமக்கு அழகன்று. 2020 ஜூன் மாதத்திலே, தன்பாலினச் சேர்க்கையாளரும் பால்மாறியோரும் வேலை நீக்கத்திலிருந்து பாதுகாக்கப்படுவர் என்ற தீர்ப்பை எழுதியவர், ட்ரம்ப் நியமித்த நீல் கோர்சுச். 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொற்களைச் சொல்லளவிற் படித்தே அம்முடிவுக்கு அவர் வந்தார். அடுத்த மாதம், கிறீக் பழங்குடியினருக்கு உடன்படிக்கையால் ஒதுக்கப்பட்ட நிலம் ஒக்லஹோமாவில் இன்னும் நிலைத்துள்ளதென ஐவர் சார்பில் எழுதியவரும் அவரே. 2020 டிசெம்பரில், தேர்தல் முடிவை மாற்றக்கோரி ரெக்சாஸ் தொடுத்த வழக்கை இதே நீதிமன்றம் ஏற்க மறுத்தது. ஆகவே, நீதியரசர் யாவரும் கட்சியின் கைப்பாவைகளென்று கூறுதல் உண்மையாகாது. சொல்லுக்குக் கட்டுப்படுதல் சிலவேளை ஆண்டானையும் கட்டுப்படுத்தும். ஆனால், வேலை நீக்கத் தீர்ப்பு வெளியான மறுநாள் குடியரசுக் கட்சி செனற்றர் ஜோஷ் ஹோலி, பழமைவாதச் சட்ட இயக்கமே முடிவுக்கு வந்துவிட்டது எனச் செனற் சபையிற் புலம்பினார். முறை சரியாகவே கையாளப்பட்டது, முடிவுதான் பிடிக்கவில்லை. அப்புலம்பலைவிடத் தெளிவான வாக்குமூலம் எமக்கு வேண்டியதில்லை.

முற்போக்காளரும் தம் பக்கத்தை நோக்குதல் வேண்டும். 1937ஆம் ஆண்டில் றூஸ்வெல்ற், எழுபது வயதைக் கடந்த ஒவ்வொரு நீதியரசருக்கும் ஒருவராக, ஆறு பேர்வரை புதிதாகச் சேர்க்க முனைந்தபொழுது, அவருடைய கட்சியினரே அதனை வீழ்த்தினர். 2013ஆம் ஆண்டில் கீழ் நீதிமன்ற நியமனங்களுக்குச் செனற்றின் பழைய தடைவிதியைத் தளர்த்தியவர்கள் ஜனநாயகக் கட்சியினர். 2017இல் குடியரசுக் கட்சி அதனை உயர் நீதிமன்றத்துக்கும் நீட்டியது. ‘அவர்களுடைய நீதிபதிகளுக்குப் பதிலாக எம்முடைய நீதிபதிகள்’ என்பது விடையாகாது. பிரித்தானியச் சட்ட அறிஞர் ஜே. ஏ. ஜி. கிறிஃபித் 1977ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, உயர் நீதிபதிகளின் பக்கச்சார்பு இலஞ்சத்தாலோ கெட்ட எண்ணத்தாலோ வருவதன்று, ஒரே வகைக் கல்வியும் வாழ்க்கையும் தொழிலும் அவர்களுக்கு ஒரே வகை நோக்கினைத் தந்துவிடுவதாலேயே வருவது என நிறுவினார். கட்சியை மாற்றுவதால் மட்டும் அந்நோக்கு மாறிவிடாது.

ஆயின், நடுநிலைமை என்பது பொய்யோ? அன்று. கருத்தற்ற மனிதன் எங்குமில்லை. எனவே கருத்தற்ற நீதிபதியைத் தேடுதல் வீண். நடுநிலைமை ஒருவருடைய உள்ளத்தின் நிறமன்று. அவர் தம்மைத் தாமே கட்டுப்படுத்தும் விதியின் உறுதியாகும். அதனை அளவிட மூன்று வினாக்கள் போதுமானவை. இந்நீதிபதியைத் தெரிந்த கை எது? அவர் போற்றும் வாசிப்பு முறை தம் அணிக்கு எதிராகவும் தீர்ப்பளித்ததுண்டா? அத்தீர்ப்பின் சுமை எவருடைய தோளில் இறங்குகிறது? சட்டக் கல்லூரியில் மட்டுமன்றி, சாதாரண வகுப்பறையிலும் மாணவர் இவ்வினாக்களைக் கேட்கப் பழகுதல் வேண்டும்.

நீதிமன்றத்தால் மாத்திரம் மக்கள் விடுதலை பெற்றதில்லை. 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பு மகத்தானது; ஆயினும் தென்மாநிலப் பாடசாலைகளின் கதவுகள் உண்மையில் திறந்தமைக்கு வீதியில் இறங்கிய மக்களும், பத்தாண்டுகளின் பின் வந்த சட்டங்களும் காரணமாயின. கருக்கலைப்பு உரிமையை நீதிமன்றம் பறித்த 2022ஆம் ஆண்டிலேயே, ஓகஸ்ற் மாதத்தில், பழமைவாதிகளின் கோட்டையெனப்பட்ட கன்சாஸ் மாநிலத்து மக்கள், அவ்வுரிமையைத் தம் மாநில யாப்பிலிருந்து நீக்க முயன்ற திருத்தத்தை நூற்றுக்கு ஐம்பத்தொன்பது வீதத்தினராய் நிராகரித்தனர். எனினும், பெரும்பான்மையின் வாக்கு எப்பொழுதும் சிறுபான்மையைக் காக்குமென்று எண்ணுதலும் பேதைமை. அதற்காகவே நீதிமன்றம் வேண்டும். நேர்மையான நீதிமன்றம் வேண்டும். துலாக்கோல் வேண்டாமென்பது எமது கருத்தன்று. அதனைப் பிடித்திருக்கும் கையையும், அக்கையை அங்கு வைத்த கையையும் மக்கள் கண்ணெடுக்காது பார்த்துக்கொண்டிருத்தல் வேண்டும் என்பதே நாம் கூறுவது.